நடுத்தண்ணீரில் நின்ற வண்டி

டேவிட் கிக்கரில் காலை வைத்தார். மிதிக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சார், சாமி கும்புடுறதுன்னா இப்பவே கும்புட்டுக்கோங்க."

"நீங்க மிதிங்க டேவிட்."

"எனக்கு இன்னா, மிதிச்சுடுவேன். அப்பால ஸ்டார்ட் ஆவலன்னா என்னைச் சொல்லக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். முடிச்சூரில் எங்கள் வீட்டு போர்ட்டிகோவில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு நின்றது வண்டி. பெட்ரோலும் புது எண்ணெயும் கலந்த வாசனை. உள்ளே என் மனைவி கல்பனா வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். கல்லூரியில் படிக்கும் மகள் யாழினி படியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு எதற்கு இவ்வளவு பதற்றம் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

டேவிட் முதலில் சாவியைத் திருப்பாமலே பதினைந்து இருபது முறை மிதித்தார். புதிதாகப் பூட்டிய எஞ்சினில் எண்ணெய் மேலே ஏற வேண்டுமாம். பிறகு சாவி, சோக், ஒரு மிதி.

ஒன்றும் இல்லை.

இரண்டாவது மிதிக்கு ஒரு தும்மல். மூன்றாவதுக்கு சைலன்சர் வழியாகக் கொஞ்சம் காற்று. டேவிட் முழங்காலைத் தடவிக்கொண்டு பிளக்கைக் கழற்றித் துடைக்க உட்கார்ந்தார். அவர் துடைத்து முடிப்பதற்குள் பழைய கதை கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தொடரில் வீட்டுக்குள் நடந்ததை எழுதுவதில்லை என்று கல்பனாவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். அவளேதான் இந்த வாரம் இதை எழுதச் சொன்னாள். "எல்லா வாரமும் நீங்களே நல்லவரா இருக்கீங்க. படிக்கவே ஒரு மாதிரி இருக்கு" என்றாள்.

தம்பியின் வண்டி

வண்டி என் தம்பி முரளியுடையது. எனக்கும் அவனுக்கும் பதினோரு வயது வித்தியாசம். முதல் வேலை கிடைத்ததும் வாங்கினான். நூறு சிசி, கறுப்பு நிறம், பெட்ரோல் டேங்கில் சிவப்புக் கோடு. தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் கேட்கும். அம்மா அந்தச் சத்தத்துக்கு தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். அவன் செருப்பைக் கழற்றும்போது முதல் தோசை தட்டில் இருக்கும்.

அப்பாவுக்கு அதில் பின்னால் உட்கார்ந்து தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போவதில் தனி மகிழ்ச்சி. வேட்டியை மடித்துக் கட்டி, இரண்டு பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, முரளியின் தோளைப் பிடித்துக்கொள்வார். என் ஸ்கூட்டரில் கூப்பிட்டால் பஸ்ஸில் போகிறேன் என்பார். நான் பிரேக் அதிகம் பிடிக்கிறேனாம்.

என் வேலையைப் பற்றி முந்தைய வாரங்களில் எழுதியிருக்கிறேன். தரக்கட்டுப்பாடு. வருகிற பொருளில் குறை இருக்கிறதா என்று பார்ப்பது. வருடக்கணக்கில் குறை பார்த்தே சம்பளம் வாங்கியவனுக்கு வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் மூடாது. முரளியிடம் எனக்கு நிறையக் குறை தெரிந்தது. நேரத்துக்கு வரமாட்டான். நண்பர்கள் கூட்டம் அதிகம். ஒரு வேலை சொன்னால் அதோடு நாலு வேலை பார்த்துவிட்டு வருவான்.

அந்த மழை

முடிச்சூர்க்காரர்களுக்கு "அந்த மழை" என்றால் போதும். வருடம் சொல்ல வேண்டியதில்லை.

கல்பனாவும் யாழினியும் செங்கல்பட்டில் மாமனார் வீட்டில் இருந்தார்கள். நான் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில், ஷிஃப்ட் முடிந்தும் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் அப்பா, அம்மா, முரளி மூன்று பேர்தான். அப்பாவுக்கு மூச்சு இழுப்பு. விடியும்போது மருந்து தீர்ந்துவிட்டது. வாங்கி வருகிறேன் என்று முரளி வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அப்போது தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர்தான்.

எட்டரைக்கு வீட்டுக்குள் வந்தது. பத்து மணிக்கு ஜன்னல் மட்டம். பக்கத்து வீட்டுக்காரர்கள் அப்பாவையும் அம்மாவையும் தூக்கி அவர்கள் மொட்டை மாடிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு பழைய ஃபிளெக்ஸ் பேனரைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அன்று முழுக்க அப்பா மழையில் உட்கார்ந்திருந்தார். இருட்டும் நேரத்தில்தான் முரளி வந்தான், ஒரு படகில். மருந்தைப் பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தானாம்.

நான் மறுநாள் மாலை வந்து சேர்ந்தேன். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். நுரையீரலில் தொற்று. பத்து நாள் போராடினார்.

அந்தப் பத்து நாளுக்குள் உறவுக்காரர் ஒருவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். "உன் தம்பியை அன்னைக்கு பத்து பத்தரைக்கு தாம்பரம் பாலத்து மேல பார்த்தேன்பா. டீ குடிச்சுக்கிட்டு நின்னான்."

அது எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

பதினாறாம் நாள்

காரியம் முடிந்து, பந்தல் பிரிக்காத வாசலில், எல்லார் முன்னாலும் கேட்டேன். மருந்து வாங்க ஒருத்தனுக்குப் பன்னிரண்டு மணி நேரமா?

"தாம்பரத்துல எல்லாக் கடையும் மூடியிருந்துதுண்ணா. ராஜகீழ்ப்பாக்கம் வரைக்கும் போய் வாங்கினேன். வரும்போது தண்ணி ஏறிடுச்சு. உள்ள விட்டு ஓட்டிக்கிட்டுதான் வந்தேன். நடுவுல நின்னுடுச்சு. தண்ணி என்னை இழுத்துக்கிட்டுப் போச்சு, பாலத்து மேலேருந்து யாரோ கயிறு போட்டுத் தூக்கினாங்க."

"பொய் சொல்லாதே. வண்டியை ஓரமா நிறுத்திட்டு பாலத்து மேல டீ குடிச்சுக்கிட்டு வேடிக்கை பார்த்தே. நிறுத்தின வண்டி முழுகிடுச்சு."

"அண்ணா, டீ குடிச்சேன். அவங்கதான் குடுத்தாங்க."

"அப்பாவைக் கொன்னது நீதான்."

சொல்லிவிட்டேன். அதோடும் நிறுத்தவில்லை. இனி இவன் இந்த வாசலில் கால் வைக்கக் கூடாது, இவனோடு இந்த வீட்டில் யார் பேசினாலும் நான் செத்ததற்குச் சமம் என்றேன். அம்மா என் கையைப் பிடித்து, "அவன் வந்துக்கிட்டுதான்டா இருந்தான்" என்றாள். கையை உதறினேன்.

உண்மையில் அன்று வீட்டில் இல்லாத மகன்கள் இரண்டு பேர். அதை நான் யோசிக்க விரும்பவில்லை.

முரளி ஒரு பையோடு போனான். போவதற்கு முன், தண்ணீர் வடிந்ததும் மீட்டுக் கொண்டுவந்திருந்த வண்டியைச் சுவரோரம் தள்ளி, தார்ப்பாய் போட்டு மூடி, நாலு பக்கமும் கட்டினான். சேறு காய்ந்த சக்கரம் சுற்றவில்லை. யாரும் கை கொடுக்கவில்லை. எனக்குப் பயந்துதான்.

டேவிட் காட்டிய இரும்பு

அதன் பிறகு ஒன்பது வருடமோ பத்து வருடமோ வண்டி அங்கேயே கிடந்தது. இந்த வருடம் தெருவில் மழைநீர்க் கால்வாய் போடச் சுற்றுச்சுவரை இடிக்க வேண்டி வந்தது. வண்டி நகர வேண்டும். பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டேன். அம்மா வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். அவர் தராசை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"ஓட வைக்க முடியுமான்னு பாருங்களேன்" என்றாள் கல்பனா.

ராஜகீழ்ப்பாக்கத்தில் கடை வைத்திருக்கும் டேவிட் அப்படித்தான் வந்தார். வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, எஞ்சினை மட்டும் கழற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் ஃபோன் வந்தது. "சார், ஒரு தபா வந்துட்டுப் போங்க."

கடை வாசலில் சாக்கின் மேல் எஞ்சின் பிரிந்து கிடந்தது. உள்ளே இருந்து வந்த சேறு ஒரு டப்பா நிறைய. டேவிட் ஓர் இரும்புத் துண்டை என் கையில் வைத்தார். பிஸ்டனையும் கீழே சுற்றுகிற கிராங்க்கையும் சேர்க்கிற தண்டு. ராடு என்பார்கள். உள்ளங்கை நீளம்தான்.

"பாருங்க சார். வளைஞ்சிருக்கா?"

"துருப்பிடிச்சு வளைஞ்சிருக்குமா?"

"துரு பிடிச்சா அரிக்கும் சார், வளையாது. நிறுத்தி வெச்ச வண்டி முழுகிச்சுன்னா சேறு ஏறும், பிஸ்டன் புடிச்சுக்கும், அவ்ளோதான். இது ஓடிக்கினு இருக்கசொல்ல தண்ணி குடிச்சிருக்கு. தண்ணிய அமுக்க முடியாதுல்ல? பிஸ்டன் மேல போவ முடியாம ராடு மடங்கிடுச்சு. யாரோ ஃபுல் ரேஸ்ல தண்ணிக்குள்ள வுட்டுருக்காங்க."

ராடை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன்.

"கிக்கர் மிதிச்சதுல வளைஞ்சிருக்கலாமே?"

"யானை வந்து மிதிச்சாலும் வளையாது சார்."

அவருடைய கண்ணாடி மேஜையில் அந்த ராடைப் படுக்க வைத்தேன். நடுவில் அடியில் வெளிச்சம் தெரிந்தது. திருப்பி வைத்தேன். இரண்டு முனையும் தூக்கி நின்றன. வேலையில் இருந்த காலமெல்லாம் ஆளை நம்பாதே, அளவை நம்பு என்று சொல்லிக்கொடுத்தவன் நான். அளவு என் முன்னால் கிடந்தது.

பக்கத்துக் கடையில் யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தேனா என்று ஞாபகம் இல்லை.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. முரளி எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாது. யாரிடம் கேட்பது? அவன் பேரைச் சொல்லக் கூடாது என்று உத்தரவு போட்டவனே நான்தானே. டேவிட்டிடம் மட்டும், "எப்படியாவது இதை ஓட வெச்சுடுங்க" என்றேன். புது ராடு, புது பிஸ்டன் எல்லாம் தேடிப் பிடித்து, எஞ்சினை ஆட்டோவில் கொண்டுவந்து எங்கள் போர்ட்டிகோவிலேயே சட்டத்தில் பூட்டினார்.

நான்காவது மிதி

பிளக்கைத் துடைத்து மாட்டிவிட்டு டேவிட் எழுந்தார். எதையோ முணுமுணுத்துக்கொண்டு மிதித்தார்.

பிடித்துக்கொண்டது.

முதலில் ஒரு இருமல், பிறகு தடுமாற்றம், பிறகு சத்தம். அந்தச் சத்தம்! சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை போர்ட்டிகோ முழுக்க நிறைந்தது. "பயப்படாதீங்க, பூட்டசொல்ல தடவின எண்ணெய்தான் எரியுது" என்று டேவிட் கத்தினார். யாழினி எழுந்து குதித்தாள். கல்பனா கரண்டியோடு வாசலுக்கு வந்தாள்.

அப்புறம் அம்மா வந்தாள். வயதுக்கு மீறின வேகத்தில், சுவரைக்கூடப் பிடிக்காமல் வந்தாள். கையில் அவளுடைய செல்ஃபோன். காது சரியாகக் கேட்காததால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள்.

"ஸ்டார்ட் ஆயிடுச்சாம்மா? எனக்கே கேக்குது!" என்றது ஃபோன். "சோக்கை மெதுவா எடுக்கச் சொல்லு. ரேஸ் பண்ண வேணாம்னு சொல்லு."

டேவிட் சட்டென்று சோக்கைத் தணித்தார். எஞ்சின் சீராயிற்று. "யாரு சார் லைன்ல? கரெக்டா சொல்றாரே!"

எனக்கு அந்தக் குரலை அடையாளம் காண அரை நொடிகூட ஆகவில்லை.

உடம்பிலிருந்து யாரோ என்னைப் பிடுங்கி எடுத்த மாதிரி இருந்தது. அவ்வளவு பெரிய சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. என் கையில் ஒரு ஸ்பானர் இருந்தது. அது கால் விரலில் விழுந்தது அப்புறம் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். முரளி உயிரோடு இருக்கிறான். அம்மாவோடு பேசுகிறான். இந்த வண்டியை இன்று ஸ்டார்ட் செய்கிறோம் என்பதுகூட அவனுக்குத் தெரியும்.

கல்பனாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை, பயம்தான் இருந்தது. யாழினியைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

வீட்டில் தெரியாத ஒரே ஆள் நான்.

அம்மாவுக்கு அப்போதுதான் கையில் ஃபோன் இருப்பது உறைத்தது. உள்ளே பேசிக்கொண்டிருந்தவள் சத்தம் கேட்டதும் தன்னை மறந்து ஓடி வந்திருக்கிறாள். அவள் ஃபோனை மறைக்கவில்லை. என்னை நேராகப் பார்த்துக்கொண்டு, கையை நீட்டியபடியே நின்றாள்.

"ரெண்டு நிமிஷம் போதும், சூடாவ வுடக் கூடாது" என்று டேவிட் சாவியைத் திருப்பினார்.

சத்தம் நின்றது. புகை மட்டும் இருந்தது.

"அம்மா? நின்னுடுச்சா?" என்றான் முரளி. அவன் குரல் இறங்கியது. "அம்மா... அண்ணன் பக்கத்துல இல்லையே?"

அந்த வார்த்தைதான் என்னை நகர்த்தியது. போய் ஃபோனை வாங்கினேன். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று இருந்தது. வாயில் வந்தது இதுதான்.

"ராடு வளைஞ்சிருந்துதுடா."

அந்தப் பக்கம் ஒரு ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும்.

"தெரியும்ணா" என்றான். "நான்தானே ஓட்டிக்கிட்டு வந்தேன்."

நான் போர்ட்டிகோ தரையில் உட்கார்ந்துவிட்டேன். டேவிட் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு என்ன புரிந்ததோ, கைத்துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டே, "சார், ஆறட்டும். ஆறின பின்னால ஒரு தபா ஹெட் போல்ட் டைட் பண்ணணும். நான் வெளிய நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு கேட்டைச் சாத்திக்கொண்டு போனார்.

அவர்கள் சொன்னது

சமையலறையில் கேட்டேன். கத்துவதற்குத் தெம்பு இல்லை. "எத்தனை வருஷமா?"

"அவன் போன மறு வாரத்துலேருந்து" என்றாள் அம்மா.

"ஒரு தடவையாவது என்கிட்ட..."

"நீ செத்துப்போயிடுவேன்னு சொன்னியேப்பா."

எங்கே இருக்கிறான் என்று கேட்டேன். பெங்களூர், துபாய் என்று எதிர்பார்த்தேன். கேளம்பாக்கம் என்றாள் கல்பனா. ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் ஏசி, லிஃப்ட் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் வேலை. கல்யாணம் ஆகி, ஒரு பெண் குழந்தை, ஆறு வயது. பெயர் மித்ரா. கேளம்பாக்கம் வழியாக நான் எத்தனை தடவை போயிருக்கிறேன். ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை.

"எப்போ பேசுவீங்க?"

கல்பனா கொஞ்சம் தயங்கினாள். "சாயங்காலம். ஆறு மணிக்கு நீங்க வாக்கிங் போவீங்கல்ல... அப்ப."

சர்க்கரை இருக்கிறது, நடங்க நடங்க என்று மழையிலும் குடையைக் கையில் கொடுத்துத் தினமும் என்னை வெளியே அனுப்பியவள். என் உடம்பின் மேல் எவ்வளவு அக்கறை என்று நண்பர்களிடம் பெருமையடித்திருக்கிறேன்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வீட்டுக்குள் ஒரு சுவர் எழுப்பி, எல்லாரையும் உள்ளே வைத்ததாக நான் நினைத்திருக்கிறேன். வெளியே நின்றது நான்தான் என்று அன்று தெரிந்தது.

அன்று மாலை

நான்கு மணிக்கு வந்தார்கள். ஃபோனில் "வாடா" என்ற ஒரு சொல்தான் சொல்லியிருந்தேன்.

முரளிக்குத் தாடி பாதி நரைத்திருந்தது. கேட்டுக்கு வெளியே நின்று என்னைப் பார்த்தான். நான் தலையசைத்த பிறகுதான் காலை உள்ளே வைத்தான். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அவன் நேராக வண்டியிடம் போய்க் குந்தி உட்கார்ந்து, எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தான். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முழங்கால் வலித்தது.

"நான் சொன்னது தப்பு முரளி. எல்லார் முன்னாடியும் சொன்னேன். தப்பு."

அவன் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தண்ணிக்குள்ள விடும்போதே தெரியும்ணா, வண்டி போயிடும்னு. அப்பா மூச்சு இழுக்கிற சத்தம்தான் காதுல இருந்துச்சு." எஞ்சினிலிருந்து கையை எடுத்தான். "நீ அன்னைக்கு என்னை நம்பியிருக்கலாம்ணா."

விடுண்ணா என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கவும் மாட்டேன். உள்ளே அம்மா தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். அவன் மனைவி கல்பனாவோடு, நாள்தோறும் வந்துபோகிறவள் மாதிரி, எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று கேட்காமலே எடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்தேன். குழந்தை மித்ரா தூணுக்குப் பின்னால் நின்று வெகுநேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல வந்து என் முட்டியில் கை வைத்தாள். சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"பெரியப்பா, ஆறு மணி ஆயிடுச்சு. நீங்க வாக்கிங் போகலையா?"

"இன்னைக்குப் போகலம்மா. ஏன்?"

"நீங்க போனாதானே" என்றாள், ரகசியம் மாதிரிக் குரலைத் தாழ்த்தி, "நான் பாட்டிகிட்ட பேசலாம்."